தோட்டத்து அடுப்படி



வீட்டிலிருக்கும் இளம்பிள்ளை ஒன்றை அழைத்து, "உன் பாட்டி சிறுமியாக இருந்தபோது காலையில் என்ன சாப்பிட்டிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். இட்லி, தோசை என்று விடை வரும். அதே கேள்வியைப் பாட்டியிடம் கேட்டால் அவர் சிரிப்பார். ஏனென்றால், ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் இட்லியும் தோசையும் தீபாவளிக்குத் தலைகாட்டும் பலகாரங்கள். அவற்றுக்கு உளுந்து வாங்கப் பணம் வேண்டும். ஆட்டுக்கல்லில் மாவாட்ட நேரம் வேண்டும். விடியுமுன் மரம் சீவப் போகிறவர்களிடம் இரண்டும் ஏது?

அப்படியானால் ஆண்டின் மற்ற நாட்களில் நம்மவர் என்ன சமைத்தார்கள்? எப்படிச் சமைத்தார்கள்? அந்த உணவு அவர்களுடைய உடலுக்கு என்ன செய்தது? இன்றைய உரையில் நாம் காணப்போவது இவற்றைத்தான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 1909ஆம் ஆண்டில் ஜொகூர் வழியாக இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பிறகு சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று பாதை நெடுகிலும் காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. அவற்றைச் சீவுவதற்குத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இந்த ஆள் அனுப்புதலை நிறுத்தும் வரையில் இது தொடர்ந்தது. வந்தவர்களில் பலர் ஊரில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்தவர்கள். நெல்லுச்சோறு அவர்களுக்கு நாள் கிழமையில் கிடைத்த உணவு. மலாயாவிலோ கம்பும் இல்லை, கேழ்வரகும் இல்லை. கடையில் கிடைத்தது அரிசி. ஊரில் விருந்தாக இருந்த சோறு இங்கே அன்றாட உணவாயிற்று. ஆனால் அந்த அரிசியும் கையிலிருந்து விளைந்தது அன்று. பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு நாம் திரும்பி வருவோம்.

இனி அடுப்படிக்குள் நுழைவோம். லயத்து வீட்டில் முன்னால் அஞ்சடி, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. களிமண்ணால் பூசிய அடுப்பு. சில வீடுகளில் மூன்று கல். எரிப்பது பால்மர விறகு. ஞாயிற்றுக்கிழமை என்றால் விறகு சேர்க்கும் நாள் என்று பொருள். சோற்றுக்கு ஒரு பானை, குழம்புக்கு ஒரு மண்சட்டி, ஓர் அம்மி, ஓர் உரல், ஒரு தேங்காய் துருவி, இவைதாம் தட்டுமுட்டு. அரிசி அளப்பதற்குப் படி கிடையாது. காலியான பால் டின்தான் படி. "நாலு டின் போடு" என்றால் அன்று வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

வீட்டின் பொழுது மரத்தின் பொழுதை ஒட்டியே நடந்தது. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, விடிந்தவுடன் நிரையில் நிற்க வேண்டும். நாலு மணிக்கே எழுந்த எங்கள் தாயார் அடுப்பு மூட்டி வரக்கோப்பி கலக்குவார். அதைக் குடித்துவிட்டு, முந்திய நாள் இரவு தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றைப் பிழிந்து தூக்குச் சட்டியில் வைப்பார். மேலே சுண்டிய குழம்பு கொஞ்சம், சுட்ட கருவாடு ஒரு துண்டு, பச்சை மிளகாய் ஒன்று, சின்ன வெங்காயம் நாலைந்து. மரங்களையெல்லாம் சீவி முடித்து, பால் மங்கில் வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில், நிழலில் உட்கார்ந்து இதைச் சாப்பிடுவார்கள். அதன் பிறகு பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது பிற்பகல் ஆகிவிடும். அன்றைய பெரிய சமையல் அதற்குப் பிறகுதான்.

பழைய சோற்றைப் பற்றிச் சற்று நின்று பேசலாம். ஏழைச்சோறு என்று இதைச் சொல்லக் கூசுகிறவர்கள் நம்மில் உண்டு. சோறு இரவு முழுவதும் நீரில் ஊறும்போது தயிரில் நடப்பது போன்ற ஒரு புளிப்பு அதில் நடக்கிறது. நுண்ணுயிர்கள் சோற்றின் மாவுப்பொருளில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றுகின்றன. அதனால் வெக்கை மிகுந்த இந்த நாட்டிலும் சோறு காலைவரை கெடாமல் நின்றது. மாடு வைத்திருந்த வீட்டாராயின் அதில் மோரும் சேரும். உழைத்து வியர்த்த உடம்புக்கு நீரும் உப்பும் ஒருங்கே கிடைத்தன. விறகும் மிச்சம், விடியற்காலையில் நேரமும் மிச்சம். இத்தனை பயனை ஒரு குவளைத் தண்ணீரால் பெற்ற கைத்திறன் அது.

இப்பொழுது அரிசிக்கு வருவோம். இங்கே மலாயாவின் மருத்துவ வரலாற்றில் நம்மவர் சம்பந்தப்பட்ட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கிற்று. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இருதயம் தளர்ந்து சாவு நேரும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் அதற்குப் பெருவாரியாகப் பலியானார்கள். ஆனால் தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் சீனர்களைவிட வசதியாக வாழ்ந்தவர்களா? இல்லை. பின் காரணம் என்ன?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் என்பவர் இதை உற்றுக் கவனித்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. வேறுபாடு இதுதான் என்று 1907ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது பின்னால் தவறு என்று தெரிந்தது. ஆயினும் அவர் கண்ட வேறுபாடு மெய்யே. அதற்குச் சற்று முன்பு, 1905ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுக்கத் தொடங்கியிருந்தார். பெரிபெரி கண்டவர்கள் பெரும்பாலும் பச்சரிசிப் பிரிவினரே. பிறகு டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் ஜெலுபுக் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே சோதனையை நடத்தி, உண்மையை உறுதிப்படுத்தினார்கள்.

காரணம் இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. நெல்லின் தவிட்டில் பி1 என்னும் உயிர்ச்சத்து உள்ளது. தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். ஆனால் நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது அந்தச் சத்து உமிப்பக்கத்திலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடும். நம் மூதாதையர் இதை அறிந்தா நெல்லை அவித்தார்கள்? உயிர்ச்சத்து என்ற சொல்லே அன்று பிறக்கவில்லை. நெல் குத்தும்போது அரிசி உடையாது, பூச்சி எளிதில் பிடிக்காது, சோறு குழையாது என்பதற்காக அவித்தார்கள். ஆனால் அந்தப் பழக்கம் கடல் கடந்து வந்து பல உயிர்களைக் காத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அரிசிச் சத்தில் ஒரு பங்கு கழுவும் நீரிலும், ஒரு பங்கு வடிக்கும் கஞ்சியிலும் கரைந்து போகிறது. தோட்டத்து வீடுகளில் இவை இரண்டும் சாக்கடைக்குப் போகவில்லை. முதல் கழுநீர் மாட்டுக்கு. இரண்டாம் கழுநீரில் புளி கரைப்பார்கள். கீரை வேக வைப்பார்கள். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மிஞ்சினால் வேட்டிக்குக் கஞ்சி. தோட்டத்து அடுப்படியின் முதல் விதி இதுதான்: நல்லது எதையும் வெளியே போக விடாதே.

சோற்றுக்குத் துணை என்ன? ரொக்கம் கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு. தோட்டக் கடையில் பற்று எழுதி வாங்கும் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், மல்லி, உப்பு, தேங்காயெண்ணெய், நெத்திலி, கருவாடு. இவற்றையெல்லாம் கட்டிக் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம். சம்பள நாளில் மட்டும் ஒரு சார்டின் டின் வரும். ஒரே டின் மீனில் வெங்காயமும் புளியும் தாராளமாகச் சேர்த்து எட்டுப் பேருக்குக் குழம்பு வைத்த தாய்மார்கள் உண்டு.

மற்றவை காசில்லாமல் வந்தன. லயத்தின் பின்னால் முருங்கை, வாழை, பப்பாளி, கறிவேப்பிலை, மரவள்ளி. மழைநீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் கங்கோங் கீரை. மலாய்க்காரர்கள் பூச்சோக் பாக்கு என்று அழைக்கும் பெரணித் தளிர் ஈரமான பள்ளங்களில் கிடைக்கும். மணத்தக்காளி தானாக முளைக்கும். மரவள்ளியின் இளந்தளிரை நன்றாக வேகவைத்து நீரை இறுத்து, நெத்திலியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துச் சமைப்பார்கள். இதை நம்மவர் மலாய் அண்டை வீட்டாரிடம் கற்றார்கள். பெலாச்சான் சேர்த்த சம்பாலும் அவ்வழியே வந்ததுதான். புளிக்குப் பதில் பிலிம்பிக்காய் போட்ட மீன் குழம்பை இன்றும் பலர் நினைத்து நாவூறுவார்கள். ஆற்றிலும் குட்டையிலும் கெளுத்தி, விரால். ஞாயிற்றுக்கிழமை சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆடு வாங்கிக் கூறு போடுவதும் உண்டு. ஆனால் அது ஆண்டில் சில முறைதான்.

இங்கே ஒரு சமையலைச் சொல்லிவிடுகிறோம்; நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். முருங்கைக்கீரைப் பருப்புத் தண்ணீர் என்பது அதன் பெயர். ஒரு பால் டின்னில் கால்வாசி துவரம்பருப்பை மஞ்சள் தூளும் இரண்டு பல் பூண்டும் சேர்த்து நன்றாகக் கரைய வேக விடுங்கள். இரண்டாம் கழுநீரை அதில் ஊற்றி, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி போடுங்கள். கொதித்த பிறகு உருவிய கீரை இரண்டு கைப்பிடி. கீரை போட்ட பின் மூடி வைக்காதீர்கள், நிறம் கெடும். இரண்டு கொதி வந்ததும் உப்புப் போட்டு இறக்கி, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். பருப்பு, கீரை, சோறு மூன்றும் சேரும்போது உடல் வளர்ச்சிக்குத் தேவையான புரதமும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் ஒரே வாயில் கிடைக்கின்றன. கறி வாங்க முடியாத வீட்டில் இதுவே கறி.

இவ்வளவையும் கேட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். உண்மையை மறைத்துப் பேசுவது கல்விக்கு அழகன்று. கடைப்பற்று சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கியது. மிச்சத்தில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குப் போன வீடுகளும் இருந்தன. கொக்கிப்புழுவும் மலேரியாவும் உண்ட சத்தை உறிஞ்சின. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சமைத்தவர் கடைசியில் உண்டார். முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள். தாய் குழம்புச் சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுத் துடைத்து உண்பார். "சட்டிச் சோற்றுக்குத்தான் ருசி" என்று எங்கள் தாயார் சொல்வதை நாங்கள் மெய்யென்று நம்பினோம். அவர் அடிக்கடி மயங்கி உட்கார்ந்ததன் காரணம் எங்களுக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழிந்த பிறகு. மரமும் சீவி, பிள்ளையும் பெற்று, மீந்ததை உண்ட பெண்களுக்கு இரத்தச் சோகை வராமல் எப்படி இருக்கும்?

அந்த அடுப்படிக்கு இரண்டு பெரிய சோதனைகள் வந்தன. முதலாவது, ஜப்பானியர் காலம்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு முன்பே ஜொகூர் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தது. அரிசிக் கப்பல்கள் நின்றன. முன்னே நினைவில் வைக்கச் சொன்னோமே, அதன் விளைவு இப்போது தெரிந்தது. வெளிநாட்டு அரிசியை நம்பிய நாடு பட்டினியில் விழுந்தது. லயத்தைச் சுற்றியும் மரங்களுக்கிடையேயும் மரவள்ளி நட்டார்கள், சர்க்கரைவள்ளி நட்டார்கள். காலையில் அவித்த மரவள்ளி. மாலையில் மரவள்ளி மாவில் தட்டிய அடை. நோயாளிக்கு மரவள்ளிக் கஞ்சி. துருவிப் பிழிந்து மாவைப் படியவைத்து எடுத்தார்கள். திப்பியையும் காயவைத்துப் புட்டு அவித்தார்கள். உப்புக்கூடத் தட்டுப்பாடு. சயாம் இரயில் பாதை வேலைக்கு ஆண்களைக் கொண்டு போய்விட்ட வீடுகளில் பெண்களே தனியாக மண்ணைக் கொத்தி இந்தக் கிழங்கை விளைவித்துப் பிள்ளைகளைக் காத்தார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

மரவள்ளி பசியை ஆற்றியது, உடலை வளர்க்கவில்லை. ஏன்? அது ஏறக்குறைய முழுவதும் மாவுப்பொருள். புரதம் மிகக் குறைவு. கால் வீங்கி, புண் ஆறாமல், எத்தனையோ பேர் அக்காலத்தில் மடிந்தார்கள். கசப்பு மரவள்ளியில் நஞ்சும் உண்டு. தோலுரித்து, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். நம் பாட்டிமார் இதைப் பட்டறிந்து கற்றார்கள். இன்றும் மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஒரே உணவை நம்பிய மக்களின் கதை உலகில் வேறு இடங்களிலும் உண்டு. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அயர்லாந்தில் ஏழைக் குடியானவர்கள் உருளைக்கிழங்கையும் மோரையும் உண்டு வாழ்ந்தார்கள். அவ்விரண்டும் சேர்ந்தால் உடலுக்கு வேண்டியவை பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆகவே அவர்கள் திடமாகவே இருந்தார்கள். ஆனால் 1845ஆம் ஆண்டில் உருளைச் செடியில் ஒரு நோய் பரவிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பஞ்சத்தாலும் நோயாலும் இறந்தார்கள். அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனார்கள். அயர்லாந்துக்காரரின் உருளையும் தோட்டத்துத் தமிழரின் மரவள்ளியும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. கலத்தில் பலவகை இருக்க வேண்டும். ஒன்று தவறினால் மற்றொன்று தாங்க வேண்டும்.

இரண்டாவது சோதனை அவசரகாலம். 1948ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கி 1960ஆம் ஆண்டு ஜூலையில் அது முடிந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுக்க, 1951ஆம் ஆண்டிலிருந்து உணவுக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. ஜொகூரில் அதன் கெடுபிடி மிகுதி. பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். டின் உணவைக் கடைக்காரர் துளையிட்டுத்தான் விற்க வேண்டும்; அப்பொழுதுதான் அதைச் சேர்த்து வைக்க முடியாது. 1956ஆம் ஆண்டு முதல் சில வட்டாரங்களில் வீட்டில் அரிசி வைத்திருப்பதே தடைபட்டது. ஒரு பொது அடுப்பில் சோறு வடித்து ஆளுக்கு அளந்து கொடுத்தார்கள். சமைத்த சோறு விரைவில் கெட்டுவிடும். காட்டுக்குக் கடத்த முடியாது என்பது அதன் நோக்கம்.

வேலைக்குப் போகிறவர்கள் வேலியைத் தாண்டி உணவு கொண்டு போகக் கூடாது. வாசலில் சோதனை. எங்கள் தாயார் அக்காலத்தில் தூக்குச் சட்டியை ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு போனது எங்களுக்கு நினைவிருக்கிறது. விடியுமுன் குடித்த வரக்கோப்பியோடு, சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வரும்வரை வயிற்றுக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் எங்கள் தங்கை, அம்மா பசியோடு போகிறாரே என்று, அவித்த மரவள்ளித் துண்டு ஒன்றை அவர் முந்தானையில் முடிந்து வைத்துவிட்டாள். வாசலில் அது அகப்பட்டது. காவல் நின்றவர் கிழங்கை மண்ணில் எறிந்துவிட்டு, தாயாரைப் போகச் சொன்னார். அதற்கு மேல் தண்டனை இல்லை. ஆனால் அன்று மாலை தாயார் தங்கையை அடிக்கவுமில்லை, பேசவுமில்லை. மடியில் உட்காரவைத்துக்கொண்டு நெடுநேரம் தலை வாரிவிட்டார். வேலி நீக்கப்பட்ட பிறகு, மீண்டும் தூக்குச் சட்டியை ஆணியிலிருந்து எடுத்த நாள் எங்கள் வீட்டில் தீபாவளியைப் போல் இருந்தது.

அதன்பின் காலம் மாறிற்று. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நம்மவர் மாசாய்க்கும் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனார்கள். விறகுப் புகை போய் எரிவாயு வந்தது நன்மை. தாய்மாரின் கண்ணும் நெஞ்சும் பிழைத்தன. அம்மி போய் மின் அரைவை வந்ததும் நன்மை. பெண்கள் கடைசியில் உண்ணும் வழக்கம் குறைந்து வருவது எல்லாவற்றிலும் பெரிய நன்மை.

ஆனால் அடுப்படியில் வேறொன்றும் நடந்தது. புழுங்கலரிசி போய் வெள்ளைவெளேரென்ற அரிசி வந்தது. வடிகஞ்சி போய் இனிப்புப் பானம் வந்தது. காசில்லாமல் கிடைத்த கீரை, ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்டது. மூன்று மைல் நடந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய உடம்பு உண்ட சோற்றின் அளவை, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் உடம்பும் உண்கிறது. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தாரிலும் அதிகம். நூறாண்டுக்கு முன் பெரிபெரிக்குத் தப்பிய சமூகம் இன்று இனிப்பு நீருக்கு முன்வரிசையில் நிற்கிறது. இதற்குக் காரணங்கள் பல; பிறப்புவழியும் ஒன்று. ஆனால் கலத்தில் என்ன இருக்கிறது என்பது நம் கையில் இருக்கும் காரணம்.

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். சோற்றின் அளவைக் குறைத்து, கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். புழுங்கலரிசிக்குத் திரும்புவது நல்லது. ஆயினும் அதுவும் அரிசிதான், அளவு மறக்க வேண்டாம். கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை நினைவுக்கு வைத்துக்கொண்டு நாவுக்குச் சற்றே தடை போடுங்கள். வீட்டு முன்னால் ஒரு சாண் மண் இருந்தாலும் ஒரு முருங்கைக் குச்சியை ஊன்றுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு தொட்டியில் பொன்னாங்கண்ணி வளர்க்கலாம். வீட்டில் சமைப்பவரையும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்காரச் சொல்லுங்கள்.

மற்றொரு வேலையும் இருக்கிறது. அதைத் தள்ளிப்போட முடியாது. தோட்டத்து அடுப்படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் சமையலை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. கையளவும் கண்ணளவும் மட்டுமே அவர்களுடைய கணக்கு. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பாட்டியின் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எத்தனை பேர், என்ன குழம்பு, எந்தக் கீரை, ஜப்பானியர் காலத்தைப் பற்றி அவர் தாயார் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். அளவு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அடுக்களையிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்து அவர் கையில் கொடுங்கள். கை தானாகச் சொல்லும்.

எங்கள் தாயாரின் தூக்குச் சட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடி நசுங்கிவிட்டது, கைப்பிடி கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் ஒரு கதை சொல்லித் தீர வேண்டியிருக்கிறது. இன்று அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிட்டோம்.